பின்போர்ஷன் பொண்ணு

வாங்கம்மா, உள்ள வாங்க. செருப்பு அங்கயே கிடக்கட்டும், யாரும் எடுக்க மாட்டாங்க. சாவி இதோ இருக்கு, ஆனா முதல்ல உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிங்க. வீடு எங்கயும் ஓடிடாது. ரெண்டு ரூம், சமையல்கட்டு, பின்னாடி துணி காயப்போட இடம். அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். முன்னாடி இருந்த பொண்ணு ஏன் ஏழே மாசத்துல காலி பண்ணிட்டுப் போச்சுன்னு நீங்க கேப்பீங்க. நீங்க கேக்கலைன்னாலும் தெருமுனைல இஸ்திரி போடற அம்மா சொல்லிடும். அது சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். ஒரு விஷயம் நாலு வாய் மாறினா நாறிப் போயிடும் பாருங்க.

அவ பேரு ஜெசிந்தா. இருபத்தொம்பது வயசு. சொந்த ஊரு புள்ளம்பாடி. இங்க ஒரு இன்சூரன்ஸ் கம்பெனில க்ளெய்ம் பாக்கற வேலை. போன ஜூன்ல வந்தா. கல்யாணமாகாத தனிப் பொண்ணுக்கு வீடு வேண்டாம்னு எங்க வீட்டுக்காரர் சொன்னார். நான்தான் விடலாம்னேன். இத ஞாபகம் வெச்சுக்கோங்க. ஆரம்பத்துலேர்ந்து அந்தப் பொண்ணுக்கு நல்லது மட்டுமே பண்ணினவ நான்.

வந்த முதல் மாசம் அந்த வீட்டுல ஆள் இருக்கான்னே தெரியாது. ஜன்னல் திரை விலகாது. பால்காரர் வெச்சுட்டுப் போன பாக்கெட் மத்தியானம் வரைக்கும் வாசல்ல கிடந்து புளிச்சுப் போகும். வேலைக்கும் போற மாதிரி தெரியல. கேட்டா, "வீட்லேர்ந்து பாக்கறேன் ஆன்ட்டி"ம்பா. கண்ணப் பாத்தே பேச மாட்டா. காதல் தோல்வின்னு நான் முடிவு பண்ணிட்டேன். எனக்கும் ஒரு பொண்ணு இருக்கால்ல, எனக்குத் தெரியாதா?

அப்புறம் ஒரு சனிக்கிழமை காலைல, சரியா பத்து மணி, அந்தப் பக்கம் பேச்சுச் சத்தம்.

இந்த வீடு முதல்ல ஒரே வீடா இருந்தது. அப்புறம்தான் ரெண்டாப் பிரிச்சோம். நடுவுல ஒரு கதவு. அவங்க பக்கமும் தாழ்ப்பா, எங்க பக்கமும் தாழ்ப்பா. எங்க பக்கம் பீரோவ வெச்சு மறைச்சாச்சு. அன்னிக்குன்னு பாத்து பீரோவுக்குப் பின்னாடி ஒட்டடை. நான் பீரோவ ஒரு சாண் நகத்தினேன். துடைக்கத்தான். நான் ஒட்டுக்கேக்கறவ கிடையாதும்மா. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல இருபத்திரெண்டு வருஷம் டிரங்க் போர்டுல உக்காந்தவ. இந்த ஜில்லாவுல எந்த வீட்ல மாமியார் மருமக சண்டை, எந்தக் கடைக்காரருக்கு எந்த ஊர்ல இன்னொரு குடும்பம், எல்லாம் எனக்குத் தெரியும். ஆனா ஒரு டிரங்க் கால்ல கூட காது வெச்சதில்ல.

முதல்ல ஆம்பளையோன்னு பயந்தேன். இல்ல, பொம்பளைக் குரல். லேப்டாப்லேர்ந்து வருது. "கேக்குதா ஜெசிந்தா? இப்பக் கேக்குதா?"ன்னு ரெண்டு தடவ கேட்டுட்டு, "இந்த வாரம் எப்படி இருந்தது?"ன்னு ஆரம்பிக்குது. நளினா மேடமாம். டாக்டர்கூட இல்ல, கவுன்சிலர். எந்த ஊரோ. ஆப்புல நாள் குறிச்சுக்கிட்டா அம்பது நிமிஷம் பேசுவாங்களாம். பேசறதுக்கு ஒரு ஆளு, அதுவும் ஃபீஸ் வாங்கிட்டு! இந்தப் பக்கம் நான் சும்மா உக்காந்திருக்கேன். கதவத் தட்டினா நாள் பூரா பேச மாட்டேனா?

இவ சொல்றா: "காலைல எந்திரிக்க முடியல மேடம். பல்லு தேய்க்கறதே மலை ஏறற மாதிரி இருக்கு. போன் அடிச்சா கை நடுங்குது." அந்தம்மா திட்டலை, புத்தி சொல்லலை. "ம்… ம்…"ங்கறாங்க. எனக்கு எரிச்சலா வந்தது. ஒரு வார்த்தை, "சாமியக் கும்பிட்டுட்டு எழுந்து குளிம்மா"ன்னு சொல்லக் கூடாதா?

காரணம் என்னன்னு தெரிய மூணு சனிக்கிழமை ஆச்சு. காதலும் இல்ல, கத்தரிக்காயும் இல்ல. யாரோ ஒரு அம்மாவாம். புருஷன் செத்துப் போயிட்டார். ஏதோ காகிதத்துல தேதி தப்பு, க்ளெய்ம் கிடைக்காது. அத இவதான் போன்ல சொல்லணும். சொல்லியிருக்கா. அந்தம்மா அழலையாம், திட்டலையாம். "சரிங்க மேடம். மணி மூணாச்சே, நீங்க சாப்டீங்களா?"ன்னு கேட்டாங்களாம். அன்னிலேர்ந்து இவளால போன் எடுக்க முடியல. ஆறு மாசம் லீவு போட்டுட்டு இங்க வந்து கிடக்கா. ஊர்ல அம்மாவுக்கு எதுவும் தெரியாது. பொண்ணு தினம் ஆபீஸ் போறான்னு நினைச்சுக்கிட்டு மாப்பிள்ளை தேடிக்கிட்டு இருக்காங்க.

இதுக்காம்மா ஒருத்தி படுத்த படுக்கையாப் போறது? நான் டிரங்க் போர்டுல எத்தன சாவுச் சேதி கனெக்ட் பண்ணியிருப்பேன்! "அப்பா போயிட்டார்"னு அந்தப் பக்கம் சொல்லும்போது இந்தப் பக்கம் வர்ற சத்தம் இருக்கே… எனக்கென்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல. நெஞ்சு படபடப்பு ஒண்ணு இருக்கு, அது வேற. அது நாலு வருஷமாத்தான். ராத்திரி தூக்கம் பிடிக்காது, அது வயசு.

சரி, அந்த மேடம் என்ன மருந்து குடுக்குதுன்னு பாத்தா, மருந்தே இல்ல. மூக்கால நாலு எண்ணற வரைக்கும் மூச்ச இழுக்கணும், வாயால ஆறு எண்ணற வரைக்கும் விடணும். இது ஒண்ணு. அப்புறம் தினம் ஒரே ஒரு சின்ன வேலை. முதல் வாரம் திரையத் திறக்கணும். ரெண்டாவது வாரம் பத்து மணிக்குள்ள குளிக்கணும். மூணாவது, முனைக்கடைக்கு நடந்து போய் ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கிட்டு வரணும். இன்னொண்ணு கேளுங்க, கவலைப்படறதுக்கு நேரம் ஒதுக்கணுமாம்! சாயங்காலம் அஞ்சுலேர்ந்து அஞ்சே கால். மத்த நேரத்துல கவலை வந்தா, "அஞ்சு மணிக்கு வா"ன்னு சொல்லி அனுப்பிடணும். அஞ்சே காலுக்கு மேல ஆச்சுன்னா நாளைக்குத் தள்ளிடணும். ரேஷன் கடை மாதிரி. சிரிக்காதீங்க, நிஜமா.

இது மோசடியா நிஜமான்னு ஒருத்தர் சோதிச்சுப் பாக்கணும் இல்லையா? வயசுப் பொண்ணு ஏமாந்துடக் கூடாதே. அதனால நானும் பண்ணிப் பாத்தேன். பீரோவுக்குப் பக்கத்துல நாற்காலியப் போட்டுக்கிட்டு, நாலு இழுத்து ஆறு விட்டேன். நோட்டுல எழுதி வெச்சேன். சாயங்காலம் அஞ்சு மணிக்கு மொட்டை மாடிக்குப் போய்க் கவலைப்பட்டேன். எங்க வீட்டுக்காரர், "எதுக்கு மேல போறே?"ன்னார். "வேலை இருக்கு"ன்னேன்.

மார்க் வேற உண்டு. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ அந்த மேடம் கேள்வித்தாள் வாசிக்கும். எத்தன நாள் தூக்கம் இல்ல, எத்தன நாள் எதுலயும் மனசு ஒட்டல, இப்படி ஒம்பது கேள்வி. ஜெசிந்தாவுக்கு முதல்ல பத்தொம்பது. அப்புறம் பதினஞ்சு. அப்புறம் பதினொண்ணு. குறைஞ்சா சந்தோஷப்படறாங்க! மார்க் குறையக் குறைய நல்லதுன்னு எந்த ஊர்லயாவது கேட்டிருக்கீங்களா? எனக்கும் நானே போட்டுப் பாத்தேன். பதினாலு வந்தது. கேள்வி சரியா காதுல விழலை, அதனால இருக்கும்.

அக்டோபர்ல அந்தப் பொண்ணு முகமே மாறிப் போச்சு. அத நான் மறைக்க மாட்டேன். ஜன்னல் திறந்திருக்கும். கெண்டை மீன் வாங்கிக் குழம்பு வெச்சா, வாசனை எங்க வீடு வரைக்கும். ஒரு நாள் குக்கர் விசில் போன இடம் தெரியலைன்னு என்கிட்ட வந்து கேட்டுட்டு, அது அவ கையிலயே இருந்ததப் பாத்து ரெண்டு பேரும் சிரிச்சோம். எல்லாம் என் ரசம். நான் வாரம் ரெண்டு நாள் மிளகு ரசம் குடுத்தனுப்பினேன். அந்த மேடத்துக்குப் பேரு போயிடுச்சு.

எனக்கும் அந்தச் சமயத்துல உடம்பு கொஞ்சம் தேவலாம். படபடப்பு குறைஞ்சது. பிரஷர் மாத்திரைய மாத்திக் குடுத்திருந்தாங்க, அதுதான். நாலு வருஷமா எந்த விசேஷத்துக்கும் போகாதவ நாத்தனார் வீட்டு வளைகாப்புக்குப் போயிட்டு வந்தேன். யாரும் என்னைப் பாத்து ஒரு மாதிரி பேசல. பேசுவாங்கன்னு நினைச்சுத்தான் போகாம இருந்தேன்.

ஏன் பேசணும்னு கேக்கறீங்களா? அது எங்க வீட்டு விஷயம். சரி, சொல்றதுல என்ன. எனக்கு ஒரே பொண்ணு, சுபாஷிணி. ஓசூர்ல இருக்கா. நாலு வருஷம் முன்னாடி உண்டானா. ஏழாவது வாரம், எனக்கு போன் பண்ணி, "அம்மா, உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன். மூணு மாசம் ஆகட்டும், யாருகிட்டயும் மூச்சு விடாத"ன்னா. ஆறு வருஷம் காத்திருந்து வந்த சேதிம்மா. நான் என்ன கல்லா? நாத்தனார்கிட்ட சொன்னேன். அவங்க சம்பந்தி வீட்டுல சொன்னேன். கோயில்ல ஒருத்தர் கேட்டார், சொன்னேன். பத்தாவது வாரம் தங்கல. அப்புறம் ஒவ்வொருத்தரா அவளுக்கு போன் பண்ணித் துக்கம் விசாரிச்சிருக்காங்க. அதுக்கு நான் பொறுப்பா? நல்ல சேதிய நாலு பேருகிட்ட சொல்றது ஒரு குத்தமா? அன்னிலேர்ந்து அவ போன் பண்ணா அவங்கப்பாவுக்குத்தான் பண்ணுவா. நான் எடுத்தா, "அப்பாகிட்ட குடுங்க." குடு இல்ல, குடுங்க.

அத விடுங்க. ஜெசிந்தா கதைக்கு வருவோம்.

நவம்பர்ல ஒரு சனிக்கிழமை. நல்ல மழை. நெட்டு விட்டு விட்டு வருது. பக்கத்து வீட்ல வேற மிக்ஸி ஓடுது. அந்தச் சத்தத்துக்கு நடுவுல எனக்கு ஒரு வாக்கியம் தெளிவாக் கேட்டது. "கண்ணு முழிக்காமலே போயிட்டா நல்லாருக்கும்னு…" அவ்வளவுதான். மேற்கொண்டு மிக்ஸி. அப்புறம் அந்த மேடம் என்னவோ மெதுவாச் சொல்லுது, இவ அழறா.

நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? சொல்லுங்க. எங்க வீட்டுக்காரர்கிட்ட ஓடினேன். அவர் பேப்பர மடிச்சு வெச்சுட்டு, "போய்க் கதவத் தட்டு. சாப்டியாம்மான்னு கேளு. பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காரு"ன்னார். அதெல்லாம் சரிப்படுமா? போய்க் கேட்டா, "ஒண்ணும் இல்ல ஆன்ட்டி"ன்னுடுவா. அப்புறம் எனக்கு எப்படித் தெரியும்னு கேப்பா. வாடகைப் பத்திரத்துல அவங்கம்மா நம்பர் இருந்தது. எடுத்தேன், போட்டேன்.

பிலோமினான்னு பேரு. பள்ளிக்கூடத்துல சத்துணவு வேலை. பாவம், நல்ல மாதிரி. நான் உள்ளது உள்ளபடி சொன்னேன். லீவுல இருக்கறது, போன் அடிச்சா நடுங்கறது, கவுன்சிலர், மார்க், கடைசியா அந்த வாக்கியம். நாப்பது நிமிஷம் பேசினோம். அப்புறம் மனசு பாரமா இருந்துச்சேன்னு இஸ்திரி போடற அம்மாகிட்ட மட்டும் சொன்னேன். வேற யாருகிட்டயும் இல்ல.

மறுநாள் ஞாயித்துக்கிழமை. பூசை முடிஞ்ச கையோட அந்தம்மாவும் ஜெசிந்தாவோட பெரியப்பாவும் கார் பிடிச்சு வந்துட்டாங்க. அந்த நேரம் பாத்து அவ வீட்ல இல்ல, காலைல நடக்கப் போயிருந்தா. அதுவும் அந்த மேடம் குடுத்த வேலைதான். பிலோமினா வாசல் கேட்டப் பிடிச்சுக்கிட்டு, "என் புள்ளைக்கு என்ன ஆச்சு, பேய் பிடிச்சுதா பைத்தியம் பிடிச்சுதா"ன்னு அழறாங்க. தெருவே ஜன்னல்ல நிக்குது. ஜெசிந்தா முனையில திரும்பி வர்றா. கையில ஒரு மஞ்சப்பை. அம்மாவப் பாத்ததும் நின்னுட்டா. ஓடி வரலை, ஒண்ணும் இல்ல. நடுத்தெருவுல நின்னு மூச்ச இழுத்து விட்டா. எனக்குத் தெரியும், நாலு, ஆறு.

கிட்ட வந்து, "யாரும்மா சொன்னா?"ன்னா. அந்தம்மா என்னைக் கை காட்டினாங்க. நானும் மறைக்கல. "நான்தாம்மா சொன்னேன். உன் நல்லதுக்குத்தான்"னேன். அவ என்னைப் பாத்தா. அப்பதான் முதல் தடவையா நேரா கண்ணப் பாத்தா. திட்டுவான்னு நினைச்சேன். திட்டலை.

பெரியப்பா, "சாமானக் கட்டு, கிளம்பு. கிறிஸ்துமஸ்க்குள்ள நல்ல இடமாப் பாத்து முடிச்சுடலாம், எல்லாம் சரியாயிடும்"னார். இவ சொல்றா: "நான் வரல பெரியப்பா. எனக்கு இப்ப கல்யாணம் வேண்டாம். எனக்கு உடம்பு சரியில்லாம இருந்தது, வைத்தியம் பாத்துக்கிட்டிருக்கேன். சரியாயிட்டு வருது." குரல் நடுங்குது, ஆனா நிறுத்தாம சொன்னா. ஜூன் மாசம் வந்தப்ப எனக்கு "சரி ஆன்ட்டி"ன்னு சொல்லவே வாய் வராதவ! பெரியவங்களுக்கு முன்னாடி இப்படி எதிர்த்துப் பேசச் சொல்லிக் குடுத்திருக்காங்க பாருங்க, அதுக்குத்தான் அம்பது நிமிஷம்.

அப்புறம் அம்மாவ மட்டும் உள்ள கூட்டிட்டுப் போனா. பெரியப்பா கார்லயே உக்காந்துட்டார். மூணு மணி நேரம். நான் காப்பி போட்டு எடுத்துட்டுப் போனேன், கதவு திறக்கல. மத்தியானம் பிலோமினா வெளிய வந்தாங்க. முகம் வீங்கியிருக்கு. பொண்ணு தலையத் தடவிட்டு கார்ல ஏறினாங்க. எனக்கு ஒரு நன்றி? ஒரு வார்த்தை? ஒண்ணும் இல்ல. நான் மட்டும் சொல்லலைன்னா அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்?

அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்ல. காய்கறி வாங்கற சாக்குல… சாக்கு என்ன, வாங்கத்தான் போனேன். பாத்தா, பூங்காவுல புங்கமரத்தடில லேப்டாப்ப மடியில வெச்சுக்கிட்டு, காதுல மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. பக்கத்துல ரெண்டு பேரு செஸ் ஆடறாங்க. என்னைப் பாத்ததும் பேச்ச நிறுத்திட்டா. சொந்த வீடு மாதிரி நான் குடுத்த வீட்ட விட்டுட்டு, மழையிலயும் ஈரத்துலயும் பூங்கால உக்காந்து பேசினா பாக்கறவங்க என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?

அதுக்கு அடுத்த வாரம் வீட்லயே இருந்தா. சரி, கோபம் தணிஞ்சுதுன்னு நாற்காலியப் போட்டு உக்காந்தேன். பேச்சே இல்லம்மா. டக் டக் டக்குனு தட்டற சத்தம். பேசாம எழுதியே கேக்கலாமாம், எழுதியே பதில் வருமாம். அம்பது நிமிஷமும் டக் டக். நடுவுல ஒரு தடவ சிரிக்கறா. எதுக்குச் சிரிச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்? மூணு சனிக்கிழமை இப்படி. புது வேலை என்ன குடுத்தாங்க, மார்க் எத்தன, ஒண்ணும் தெரியல. என் நோட்டு அப்படியே நிக்குது. அந்த மூணு வாரமும் எனக்குத் தூக்கம் போச்சு. படபடப்பு பழையபடி வந்துடுச்சு. மாத்திரை வேலை செய்யலைன்னு நினைக்கறேன்.

பொங்கல் முடிஞ்சு காலி பண்றேன்னா. வேலைக்குத் திரும்பிட்டாளாம், அதே கம்பெனில வேற பிரிவு, ஆபீஸ் பக்கமா ஒரு லேடீஸ் ஹாஸ்டல். சாவி குடுக்க வந்தா. இதோ இந்த நாற்காலில, நீங்க உக்காந்திருக்கற இடத்துலதான் உக்காந்தா. நான் பொறுத்துக்க முடியாம கேட்டுட்டேன். "நான் என்னம்மா தப்புப் பண்ணினேன்? நீ சாகணும்னு பேசினத ஒரு தாய்க்குச் சொல்லாம இருக்க முடியுமா?"

அவ சாவிய என் கையில குடுத்தா. "ஆன்ட்டி, ஜூன் மாசமெல்லாம் கண்ணு முழிக்காமலே போயிட்டா நல்லாருக்கும்னு நினைச்சுக்கிட்டுப் படுப்பேன் மேடம், இப்ப ரொம்ப நாளா அந்த நினைப்பே வரலன்னு சொன்னேன். அந்த நினைப்பு போயிடுச்சுங்கற சந்தோஷத்துல அழுதேன். நீங்க பாதிதான் கேட்டீங்க"ன்னா.

மிக்ஸிம்மா! நான் என்ன பண்ணுவேன்?

"நீங்க பயந்துட்டீங்க, அது எனக்குப் புரியுது. பயந்தா என்கிட்ட வந்திருக்கலாம். அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு அஞ்சு வாரமா மேடம்கூடப் பேசிப் பேசிப் பழகினேன். அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போய் நானே சொல்றதா இருந்தேன். அம்மா கையப் பிடிச்சுக்கிட்டு, சமையல்கட்டுல உக்காந்து. அது தெருவுல நடந்து போச்சு"ன்னா.

அப்புறம் ஒண்ணு சொன்னா பாருங்க, அதுதான் என்னால தாங்க முடியல. "நீங்க கேக்கறது எனக்கு ஜூலைலயே தெரியும் ஆன்ட்டி"ங்கறா! நான் பீரோவுக்குப் பக்கத்துல உக்காந்து ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணினது அந்தப் பக்கம் கேட்டிருக்கு. நான் வாய்விட்டு எண்ணியிருக்கேன் போலிருக்கு. அவ மேடத்துகிட்ட சொன்னாளாம். மேடம், "அவங்க கேக்கறது உங்களுக்குச் சரியா, வேற இடத்துலேர்ந்து பேசலாமா?"ன்னு கேட்டாங்களாம். இவ, "இருக்கட்டும் மேடம், அவங்களும் பாவம், மூச்சுப் பயிற்சி பண்றாங்க"ன்னாளாம். அதுக்கப்புறம் பயிற்சி வர்ற நேரத்துல லேப்டாப் சத்தத்தக் கூட்டி வெப்பாளாம். எனக்காக.

தெரிஞ்சே பேசியிருக்கா! இத்தன மாசம், நான் கேக்கறேன்னு தெரிஞ்சே! இது நியாயமா சொல்லுங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான்… என்ன பண்ணியிருப்பேன். தெரியல. ஆனா சொல்லியிருக்கணும் இல்லையா? என்னைப் போய்ப் பாவம்னா. அறுபத்தி ரெண்டு வயசுல, சொந்த வீட்ல, புருஷனோட குறைவில்லாம இருக்கறவளப் பாத்துப் பாவம்னு ஒரு வாடகைக்கு இருக்கற பொண்ணு சொல்றா.

அவ என் போன வாங்கி அந்த ஆப்ப ஏத்திக் குடுத்தா. "நளினா மேடம் என்கூடப் பேசறதால உங்ககூடப் பேச மாட்டாங்க. வேற ஆள் இருக்காங்க. தமிழ்லயே பேசலாம்"னா. "எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?"னேன். "வேணும்னா வெச்சுக்கோங்க, வேணாம்னா எடுத்துடுங்க ஆன்ட்டி"ன்னுட்டு ஆட்டோல ஏறிப் போயிட்டா. பின்னாடி திரும்பிப் பாத்துக் கையாட்டினா, பொய் சொல்ல மாட்டேன். நான்தான் ஆட்டல.

போன வாரம் அந்த ஆப்ப எடுத்துடலாம்னு திறந்தேன். எடுக்கத் தெரியாம எதையோ அழுத்தி, நாள் குறிச்சுருச்சு. சரி, குறிச்சத வீணாக்குவானேன்னு உக்காந்தேன். சின்னப் பொண்ணு ஒண்ணு வந்தது, இருபத்தாறு இருபத்தேழு வயசிருக்கும். "சொல்லுங்கம்மா"ன்னுச்சு. நான் ஜெசிந்தாவப் பத்தி, அவ எனக்குப் பண்ணினத எல்லாம் ஒண்ணு விடாம சொன்னேன். அது குறுக்க பேசாம கேட்டுக்கிட்டே இருந்தது. கடைசில, "இவ்வளவு நேரம் அவங்களப் பத்திச் சொன்னீங்க. உங்க மக உங்ககிட்ட கடைசியாப் பேசினது எப்பம்மா?"ன்னுச்சு.

மகளப் பத்தி நான் ரெண்டே வார்த்தைதான் சொல்லியிருந்தேன். அத எப்படிப் பிடிச்சுதோ. நெட்டு கட்டாயிடுச்சு. இல்ல, நான்தான் வெச்சுட்டேன். உங்ககிட்ட எதுக்குப் பொய்.

இந்த வாரமும் குறிச்சிருக்கேன். இன்னிக்குத்தான், நாலு மணிக்கு. மணி என்ன ஆச்சு? அய்யோ, மூணே முக்கால். எங்க வீட்டுக்காரர லைப்ரரிக்கு அனுப்பியாச்சு. ஆறு மணிக்கு முன்னாடி வரக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன். இன்னிக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லணும். என்ன சொல்லணும்னு நாலு நாளா மொட்டை மாடில சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன், முதல் வார்த்தைக்கு மேல வரமாட்டேங்குது.

நீங்க தப்பா நினைக்காதீங்கம்மா. வீட்ட நாளைக்கு வந்து பாருங்களேன். இந்தாங்க, சாவியக்கூட எடுத்துட்டுப் போங்க. இப்ப உங்கள அந்தப் பக்கம் விட்டுட்டு நான் இங்க உக்காந்தா எனக்குப் பேச்சு வராது. சுவத்துக்கு அந்தாண்ட ஒரு ஆள் இருந்தா மனசுல இருக்கறத எப்படிச் சொல்றது? போறப்ப கேட்டச் சாத்திட்டுப் போங்க. அப்புறம், இத நீங்க யாருகிட்டயும் சொல்லிடாதீங்க.